குடத்துக்குள் பன்னிரண்டு குரல்கள்

எங்கள் ஊரில் ஒரு செவ்வாய்க்கிழமையின் பிற்பகலே திருடு போனது. மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர்கள் கை கழுவிவிட்டு நிமிர்ந்தபோது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் மதியப் பாடம் நடக்காமலே பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். கறவை நேரம் தவறிப்போன மாடுகள் தொழுவத்தில் நின்று கத்தின. காவல் நிலையத்தில் புகார் வாங்கிக்கொண்டு, கிடைத்தால் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள்.

மறுநாள் காலையில் இரண்டு போலீஸ்காரர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். ஊரில் எல்லார் வீட்டுக் கொடியிலும் துணிகள் ஈரமாகக் கிடந்தன. என் வீட்டுக் கொடியில் மட்டும் இரண்டு புடவையும் ஒரு வேட்டியும் மொடமொடவென்று காய்ந்திருந்தன. ஒருவர் வேட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மற்றவரிடம் தலையசைத்தார். வேட்டியை மடித்து எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிப் போனார்கள்.

என் பெயர் மாதேஸ்வரி. பேருந்து நிலையத்தில் மைக்கில் அறிவிப்புச் செய்வது என் வேலை. எந்தப் பேருந்து எந்த இடத்தில் நிற்கிறது, எது தாமதம் என்பதையெல்லாம் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பேன். அந்த வேட்டி என் கணவர் தீர்த்தகிரியுடையது. அவர் மலையடிவாரத்து நெஞ்சக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். பார்வையாளர்களை அங்கே பிற்பகலில் மட்டும்தான் உள்ளே விடுவார்கள். அதனால் தினமும் மதியத்துக்கு மேல் ஒரு மாற்றாளை மைக்கின் முன்னால் உட்கார வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்வருவேன். வீடு வந்து சேரும்போது கொடியில் கிடப்பதை எடுத்து மடிக்கக்கூட உடம்பில் தெம்பு இருக்காது.

கோர்ட்டில் இதைத்தான் சொன்னேன். அவை ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் ஆற்றில் துவைத்த துணிகள், திங்கட்கிழமை வெயிலிலேயே காய்ந்துவிட்டன, எடுக்காமல் விட்டுவிட்டேன். அரசு வக்கீல் கேட்டார்.

“ஞாயித்துக்கிழமை போட்ட துணியைப் புதன்கிழமை வரைக்கும் எடுக்கலையா?”

“எடுக்கலைங்க.”

பார்வையாளர் வரிசையில் இருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிற்பகலைத் திருடியவள் என்று அவர் சொன்னபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்று நாள் துணி எடுக்காதவள் என்று எல்லாருக்கும் தெரிந்ததுதான் முகத்தைச் சுட்டது.

எங்கள் ஊரில் வழக்குகளை ஜூரிகள்தான் தீர்மானிப்பார்கள். ஊர்க்காரர்களில் பன்னிரண்டு பேர். அவர்களுடைய வாக்கை எப்படிக் கணக்கிடுவது என்பதைக் குற்றம் சாட்டப்பட்டவரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஏழு பேர் சொன்னால் போதும் என்பது ஒரு முறை. பன்னிரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னால்தான் குற்றம் என்பது இன்னொரு முறை. என் வக்கீல் அருளப்பன் வயதானவர், பொறுமையானவர். இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை என்றார்.

“பன்னெண்டு பேர்ல ஒரே ஒருத்தர் இல்லைன்னு சொன்னாப் போதும்மா. அன்னிக்கே நீ வீட்டுக்குப் போயிரலாம். அந்த ஒருத்தர் கூடவா இருக்க மாட்டாங்க?”

ஜூரிகளைப் பார்த்தேன். ஒருவர் மட்டுமல்ல, நிறையப் பேர் இருப்பார்கள் என்று தோன்றியது. சைக்கிள் கடை முனிரத்தினம் அண்ணன் நான் பேசும்போதெல்லாம் ஆமாம் ஆமாம் என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். மருந்துக்கடை ஜமீலா அக்காவுக்கு என் கணவரின் மாத்திரைகள் அத்தனையும் பெயரோடு தெரியும். கணக்கு டீச்சர் கமலவேணி, துணி விஷயம் வந்தபோது மட்டும் லேசாகச் சிரித்தார். அது கெட்ட சிரிப்பு இல்லை. அவர் வீட்டிலும் அப்படித்தான் கிடக்கும் என்பதுபோல் இருந்தது. நான் பன்னிரண்டு பேர் முறையைத் தேர்ந்தெடுத்தேன்.

அந்த முறையில் வாக்கைக் குடத்துக்குள் சொல்ல வேண்டும். ஒரு திரைக்குப் பின்னால் பித்தளைக் குடம் இருக்கும். ஜூரிகள் ஒவ்வொருவராகப் போய், குடத்தின் வாயில் வாயை வைத்து, செய்தாள் என்றோ செய்யவில்லை என்றோ மெதுவாகச் சொல்லிவிட்டு மூடியை மூடிவிட்டு வர வேண்டும். ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாது. எல்லாரும் சொல்லி முடித்த பிறகு கோர்ட் சேவகரான டவாலி குடத்தைத் தூக்கி வந்து நீதிபதியின் முன்னால் சாய்ப்பார்.

சாய்த்தார். செய்தாள் என்றது குடம். பிறகு இன்னொரு குரலில் செய்தாள் என்றது. சில குரல்கள் கரகரப்பாக இருந்தன. ஒன்று பாதியில் நின்று, பிறகு முழுச் சொல்லையும் சொன்னது. கடைசிக் குரல் விழும்வரைக்கும் நான் அந்த இன்னொரு சொல்லுக்காகக் காத்திருந்தேன். டவாலி குடத்தின் அடியைத் தட்டினார். உள்ளே வேறு ஒன்றும் இல்லை.

நான் எடுத்த பிற்பகலுக்கு ஈடாக என் பிற்பகல்கள் அனைத்தையும் பறிமுதல் செய்வதாக நீதிபதி சொன்னார். அருளப்பன் தன் கறுப்புக் கோட்டின் பொத்தானைக் கழற்றி மறுபடி போட்டார். ஜூரிகள் பன்னிரண்டு பேரும் தங்கள் செருப்பைத் தேடுவதுபோல் கீழே பார்த்துக்கொண்டே வெளியே போனார்கள்.

தண்டனை மறுநாளே தொடங்கியது. பேரூராட்சியின் மதியச் சங்கு ஊதியபோது நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அடுத்த வாய் வைக்கும்போது சோறு காய்ந்திருந்தது, வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. இடையில் நான் எங்கும் இல்லை. வலியோ மயக்கமோ கிடையாது. புத்தகத்தில் இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டு புரண்டதுபோல்தான் இருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கேட்டைப் பூட்டிவிட்டிருந்தார்கள். காவலாளி என்னைத் தெரிந்தவர்தான். பிற்பகலில் வரச் சொன்னார்.

தீர்த்தகிரிக்கு நானும் எனக்கு அவரும்தான். எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு வீட்டிலும் யாரும் வரவில்லை. பிறகும் வரவில்லை. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை என்று முதலிலேயே அவரிடம் சொல்லியிருந்தேன். ஆஸ்பத்திரிச் சாப்பாடு அவருக்கு இறங்காது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே ஊட்டினால்தான் நாலு வாய் உள்ளே போகும். நான் போகாத அந்த முதல் வாரத்தில் அவர் கஞ்சியை அப்படியே வைத்துவிட்டதாக ஒரு நர்ஸ் கேட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரத்தில்தான் ஒரு நாள் காலையில் முனிரத்தினம் அண்ணன் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வராமல் வாசற்படிக்குக் கீழேயே நின்றார். நான் திருடவில்லை என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும் என்றார்.

“அப்புறம் ஏன்ணே அப்படிச் சொன்னீங்க?” என்று கேட்டேன்.

அவர் கையில் ஒட்டியிருந்த கிரீஸை மற்றக் கையால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

“யோசிச்சுப் பாரு தங்கச்சி. மத்தவங்கள்ல ஒருத்தர் இல்லைன்னு சொல்லியிருந்தாக்கூட உன்னை விட்டிருவாங்க. அப்ப நான் என்ன சொன்னாலும் ஒண்ணுதான். மத்தப் பதினோரு பேரும் செஞ்சான்னு சொன்னாத்தான் என் வார்த்தைக்கு வேலை. பதினோரு பேர் ஒண்ணாச் சொல்றாங்கன்னா, எனக்குத் தெரியாத ஏதோ அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குன்னுதானே அர்த்தம். அத்தனை பேரைத் தாண்டி நான் ஒருத்தன் எப்படி இல்லைன்னு சொல்ல?”

அவர் சொன்னதில் தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. மற்றப் பதினோரு பேரும் உண்மையாகவே நம்பித்தான் சொல்லியிருப்பார்கள், அதனால் இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சொல்லமாட்டேன் என்றேன்.

மறுநாள் ஜமீலா அக்கா வந்தார். நான் திருடவில்லை என்று அவருக்கும் தெரியும். ஆனால் மற்றப் பதினோரு பேரும் செய்தாள் என்று சொல்லும்போதுதானே அவருடைய சொல்லுக்கு அர்த்தம் என்றார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மற்றவர்களிடம் சொல்லிவிட வேண்டாம் என்றார். அதற்கு அடுத்த நாள் கமலவேணி டீச்சர் வந்து அதையே இன்னும் தெளிவாக, காற்றில் விரலால் எழுதிக் காட்டி விளக்கினார். இப்படி ஒவ்வொருவராக எல்லாரும் வந்துபோனார்கள். எல்லாரும் படிக்குக் கீழேயே நின்றார்கள். ஒருவருக்கும் மற்றவர் வந்தது தெரியாது. பன்னிரண்டு பேருடைய ரகசியமும் ஒரே ரகசியமாக என்னிடம் இருந்தது.

அதன் பிறகு அவர்கள் என்னைத் தெருவில் பார்த்தால் சட்டென்று பக்கத்தில் இருக்கும் கடைக்குள் நுழைந்துவிடுவார்கள். ஒரு முறை முனிரத்தினம் அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு வளையல் கடைக்குள் போய்விட்டார். அவர் வெளியே வர வழியில்லாமல் வளையல்களைப் பார்த்துக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. அன்றிலிருந்து நான் கடைவீதியை விட்டுவிட்டு, மாட்டாஸ்பத்திரிக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

ஒரு நாள் அந்தியில், வார்டு நர்ஸ் தன் போனை என் கணவரிடம் கொடுத்துப் பேச வைத்தார். அவர் குரலில் தெம்பு இருந்தது.

“உனக்கு இத்தனை அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி இருக்காங்கன்னு என்கிட்ட ஒரு நாள்கூடச் சொல்லலையே, மாதேஸ்வரி.”

யார் என்று கேட்டேன். தினம் ஒருவராகப் பிற்பகலில் வருகிறார்களாம். ஒருவர் சைக்கிளில் ஆரஞ்சு கொண்டுவருகிறார். ஒரு அக்கா வந்து மாத்திரைகளைச் சரிபார்த்து, கஞ்சியைக் குடிக்க வைத்துவிட்டுத்தான் போகிறார். இன்னொருவர் கணக்குப் புதிர் போடுகிறார். எல்லாரும் மாதேஸ்வரியின் கூடப்பிறந்தவர்கள் என்று கேட்டில் சொல்லிவிட்டு வருகிறார்களாம். நான் ஏன் வருவதில்லை என்று கேட்டால் வேலை அதிகம் என்கிறார்களாம்.

“நான்தான் உன்னை யாருமில்லாதவன்னு நெனச்சுக் கூட்டிட்டு வந்துட்டேன்” என்றார். “எனக்கு வெட்கமா இருக்கு.”

அவரை வெட்கப்பட வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். சொல்லத் தொடங்கினால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். அவர் சாப்பிடுகிறார் என்பது மட்டும் எனக்குப் போதும் என்று போனை வைத்துவிட்டேன். அன்று இரவு அவர் சொன்ன ஒவ்வொருவரையும் அண்ணன், அக்கா, தம்பி என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒரு சொல்லும் ஒட்டவில்லை.

மழைக்காலம் முடிந்ததும் அருளப்பன் வந்தார். முன்பைவிட மெலிந்திருந்தார். இந்த வழக்கு தன்னைத் தூங்க விடவில்லை என்றும், அதே ஜூரிகளிடம் இன்னொரு முறை கேட்க வழி இருக்கிறது என்றும் சொன்னார். இந்த முறை ஏழு பேர் முறையை எடுத்துக்கொள்ளலாம். பன்னிரண்டில் ஏழு பேர், தீர்ப்பு தவறு என்று சொன்னால் போதும்.

எனக்கு அன்று முதன்முதலாக நிம்மதி வந்தது. ஏழு என்ன, பன்னிரண்டு பேரும் என் வாசலில் வந்து சொல்லிவிட்டுப் போனவர்கள்தானே. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்ததால் அருளப்பனிடம் நான் அதைச் சொல்லவில்லை. சிரித்தேன். அவரும் சிரித்தார்.

ஏழு பேர் முறையில் குடம் உதவாது. குரல்கள் ஒன்றோடொன்று கலந்து விழும்போது ஒரு மாற்றுச் சொல் இருக்கிறதா இல்லையா என்று கேட்டுவிடலாம், ஆனால் எத்தனை என்று எண்ண முடியாது. அதனால் தீர்ப்பு தவறு என்று நினைப்பவர்கள் எல்லார் முன்னிலையிலும் எழுந்து நிற்க வேண்டும். நீதிபதி அப்படித்தான் கேட்டுக்கொண்டார்.

யாரும் எழவில்லை.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. முனிரத்தினம் அண்ணன் தன் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜமீலா அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிறகு அதையே மறுபடியும் துடைத்தார். பின்வரிசையில் ஒருவர் பாதி எழுந்தார். எல்லாரும் திரும்பிப் பார்த்ததும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர்கள் என்னைப் பார்த்துத்தான் தயங்குகிறார்களோ என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போதும் யாரும் எழவில்லை. அந்த அறையில் நான்தான் ஏதோ தவறு செய்து பிடிபட்டவள்போல் இருந்தது. மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் கமலவேணி டீச்சர் வந்தார். இந்த முறை படிக்கு இன்னும் கீழே, தெருவிலேயே நின்றார்.

“ஏழு பேர் போதும்னாங்க. ஏழு பேர் எப்படியும் எந்திரிச்சிருவாங்கன்னு நெனச்சேன். எந்திரிச்சா முன்னாடி சொன்னது பொய்னு ஊருக்கே தெரிஞ்சிரும். நான் எட்டாவது ஆளா நின்னு எதுக்கு அவமானப்படணும்னு இருந்துட்டேம்மா.”

மற்றவர்களும் வந்து இதையே சொன்னார்கள். யாருடைய விளக்கத்திலும் என்னால் குறை காண முடியவில்லை. வந்தவர்களுக்குக் காபி கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார்கள்.

அடுத்து நடந்ததைத் தொடங்கி வைத்தது அரசு வக்கீல்தான். பறிமுதல் செய்த என் பிற்பகல்கள் கருவூலத்துக்கு வந்து சேரவில்லை என்று அவர் கண்டுபிடித்தார். ஒரு நாள் பிற்பகலில் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தார். தீர்த்தகிரியின் கட்டிலுக்குப் பக்கத்தில் மனைவி உட்கார வேண்டிய ஸ்டூலில் ஜூரிகளில் ஒருவர் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். என் பிற்பகல்கள் அங்கேதான் செலவாகிக்கொண்டிருந்தன. பன்னிரண்டு பேர் மீதும் வழக்குப் போட்டார். மாதேஸ்வரியின் பிற்பகல்களைத் திருடிய குற்றம்.

இதற்கு ஜூரிகள் கிடைப்பது சிரமமாக இருந்தது. சம்பவம் நடந்த நேரத்தில் ஊரில் இருந்தவர்கள் சாட்சிகளாகிவிடுவார்கள், சாட்சிகள் ஜூரியாக இருக்கக் கூடாது. அந்தப் பிற்பகல்களில் எங்குமே இல்லாதவர் ஊரில் ஒருவர்தான். எனக்குச் சம்மன் வந்தது.

ஒரே ஒரு ஜூரி என்றால் எல்லா முறைகளும் ஒன்றுதான் என்றார் நீதிபதி. குடத்தையே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது.

பன்னிரண்டு பேரும் கூண்டில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அருளப்பன் அவர்களுக்காக வாதாடினார். கெட்ட எண்ணத்தில் போகவில்லை, வெட்கம் தாங்காமல்தான் போனார்கள், அவர்கள் போனதால்தான் அந்த மனிதர் சாப்பிட்டார் என்றார். எல்லாம் உண்மை. பேசி முடித்துவிட்டு என்னைப் பார்க்காமல் உட்கார்ந்தார்.

திரைக்குப் பின்னால் போனேன். குடத்தின் வாய் குளிர்ந்திருந்தது. உள்ளே கேட்டுப் பார்த்தேன். எனக்கு முன்னால் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை, எனக்குப் பின்னால் சொல்லவும் யாரும் இல்லை. எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டால் கடைவீதி வழியாக வேலைக்குப் போகலாம், எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று தோன்றியது. தீர்த்தகிரிக்கும் அண்ணன் தம்பிகள் இருப்பார்கள். அப்படிச் சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு, பூட்டிய கேட்டின் முன்னால் சைக்கிளோடு நின்ற முதல் நாள் நினைவுக்கு வந்தது. எடுத்தார்கள் என்றேன். மூடியை மூடினேன்.

டவாலி குடத்தைச் சாய்த்தார். எடுத்தார்கள் என்றது குடம். மைக்கில் பேருந்து ரத்தானதை அறிவிக்கும்போது என் குரல் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. கூண்டில் நின்றவர்கள் பன்னிரண்டு பேரும் தலையை நிமிர்த்தினார்கள். என் தீர்ப்பு வந்த நாளுக்குப் பிறகு அன்றுதான் அவர்கள் என்னை நேராகப் பார்த்தார்கள். முனிரத்தினம் அண்ணன் பாரத்தை இறக்கி வைத்தவர்போல் மூச்சு விட்டார். அவர் விட்ட பாரம் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும்.

என் பிற்பகல்களை எனக்கே திருப்பித் தரவும், நஷ்ட ஈடாகப் பன்னிரண்டு பேருடைய பிற்பகல்களையும் என் கணக்கில் சேர்க்கவும் நீதிபதி உத்தரவிட்டார்.

அடுத்த நாள் சங்கு ஊதியது. நான் இருந்தேன். வெயில் இருந்தது. கடைவீதி வழியாகவே போனேன். சைக்கிள் கடையில் பாதி கழற்றிய சக்கரம் கிடந்தது, ஆள் இல்லை. மருந்துக்கடையில் தராசு ஆடிக்கொண்டிருந்தது, ஆள் இல்லை. நிமிராமல் சைக்கிளை மிதித்தேன்.

தீர்த்தகிரி என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார். முகம் தேறியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார். கொண்டுபோன சோற்றை ஊட்டினேன். சாப்பிட்டார். பிறகு கதவுப் பக்கம் பார்த்தார்.

“இன்னிக்கு அண்ணன் முறையாச்சே. காணோமே.”

“இனிமே அவங்களுக்கு மத்தியானம் இல்லைங்க.”

“யாருக்குமேவா?”

“யாருக்கும் இல்லை.”

ஏன் என்று கேட்கவில்லை. அண்ணனுக்காகத் தலையணைக்கடியில் எடுத்து வைத்திருந்த ரொட்டியை என்னிடம் கொடுத்தார். அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு பேருடைய பிற்பகலும் சேர்ந்துகொண்டதால் அந்தப் பிற்பகல் முடியவில்லை. நாங்கள் பேச இருந்ததையெல்லாம் பேசித் தீர்த்தோம். அவர் தூங்கி எழுந்தார், மறுபடி பேசினோம், மறுபடி தூங்கினார். ஜன்னல் வெயில் தரையில் அதே கட்டத்தில் கிடந்தது. ஒருவருடைய பிற்பகல் முடிந்து இன்னொருவருடையது தொடங்குவது எனக்குத் தெரிந்தது. ஒன்றில் கிரீஸ் வாடை வந்தது. ஒன்றில் சாக்பீஸ் தூள் பறந்தது. ஒவ்வொன்றிலும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எவருடைய பிற்பகல் என்று தெரியாத ஒன்றில், வார்டின் கதவை இரண்டு பக்கமும் திறந்து ஊர் ஆற்றைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். நாலு பேர் தள்ளினார்கள். காய்ச்சல் என்றார்கள். பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. அதில் ஆற்றைப் படுக்க வைத்து, வளைவுகளை மடக்கி, மேலே போர்வை போர்த்தினார்கள். ஆறு மெதுவாக முனகிக்கொண்டிருந்தது.

நர்ஸ் ஊசியை ஏற்றிவிட்டு வார்டைப் பார்த்துக் கேட்டார்.

“இவங்க கூட யார் வந்திருக்கீங்க? யாராவது ஒருத்தர் பக்கத்துல இருக்கணும்.”

வார்டு நிறையப் பார்வையாளர்கள் இருந்தார்கள். எல்லாருமே அந்த ஆற்றில் குளித்தவர்கள்தான். ஒவ்வொருவரும் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்கள்.

நான் கையைத் தூக்கினேன். “நான்தாங்க.”

“என்ன உறவு?”

“கூடப்பிறந்தவ.”

செருப்பை வெளியே விட்டுவிட்டு வரச் சொன்னார். விட்டுவிட்டு வந்தேன். ஒரு துண்டைக் கையில் கொடுத்து, கரைகளை அடிக்கடி துடைத்துவிடச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு துடைத்துவிட்டேன்.